நான்கு வரிக்கு எட்டுக் குரல்

1

போன வியாழக்கிழமை மத்தியானம், நான் வேலை பார்க்கும் முதியோர் இல்லத்தின் சமையலறை வானொலியில் என் அக்கா வீட்டுக்காரர் எழுதிய நான்கு வரிக் கவிதையை எட்டுப் பேர் பாடிக்கொண்டிருந்தார்கள். பாட்டு முடிந்ததும் அறிவிப்பாளர், இது இந்தியாவின் தொன்மையான வெறுமைத் தத்துவத்திலிருந்து பிறந்த சமகாலச் சேர்ந்திசைப் படைப்பு என்று மெல்லிய குரலில் சொன்னார்.

சூப் குடித்துக்கொண்டிருந்த ஒரு மூதாட்டி கரண்டியை வைத்துவிட்டு, "தேவாலயப் பாட்டா?" என்று என்னைக் கேட்டார்.

"இல்லை. கடலூர்ப் பாட்டு."

"கடலூர் என்பது உங்கள் கடவுளா?"

கடலூரில் பஸ் பிடித்து அலைந்தவர்கள் யாரும் அந்த ஊரைக் கடவுள் என்று சொல்ல மாட்டார்கள். ஆனால் அந்த வானொலிக்காரர் சொன்னதைவிட மூதாட்டி கேட்டது எனக்குப் பிடித்திருந்தது. இந்தப் பாட்டின் கதை ஊரில் பாதிப் பேருக்குப் பாதிதான் தெரியும். மீதிப் பேர் அதைத் தப்பாகச் சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். அதனால் நடந்ததை எழுதிவிடுகிறேன்.

2

நான் செல்வி. நார்வேயில், த்ரோன்ஹைம் பக்கத்தில் ஒரு சிறிய ஊரில் செவிலியாக இருக்கிறேன். வந்த புதிதில் மொழித் தேர்வு எழுதி, ஒரு நோயாளியிடம் "வலிக்கிறதா" என்று கேட்பதற்குப் பதில் "வெட்கமாக இருக்கிறதா" என்று கேட்டு, அவர் ஆமாம் என்று தலையாட்டி, இப்படியெல்லாம் தேறி வந்தவள். ஒரே மகள் நிலா. பதினேழு வயது. நான் தமிழில் கேட்பேன், அவள் நார்வேஜிய மொழியில் பதில் சொல்வாள். இருவரும் ஒருவரையொருவர் திருத்துவதை விட்டு நாளாயிற்று.

அக்கா விஜயா கடலூர் முதுநகரில் இருக்கிறாள். அவள் கணவர் வைத்தியலிங்கம் மாமா நில அளவைத் துறையில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். வேலையில் இருந்தவரை அடுத்தவர் வரப்பை அளந்து இரண்டு பக்கத்திலும் திட்டு வாங்கினார். ஓய்வு பெற்றதும் வெளி, சூனியம், இன்மை என்று யாரும் சண்டைக்கு வராத இடங்களை அளக்க ஆரம்பித்தார். காலையில் ஒரு கவிதை எழுதி, தாமரைப் படத்தின் மேல் ஒட்டி, குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போடுவார். கண்ணாடி தேடுபவர்களுக்காகத் தானே வாசித்துக் குரல் பதிவாகவும் அனுப்புவார். அக்கா அந்தக் குழுவிலிருந்து முதல் வாரமே விலகிவிட்டாள்.

அவர்களுக்குள் பேச்சு நின்றது போன வருஷம். எங்கள் தம்பி மேல்பட்டாம்பாக்கத்தில் வீடு கட்டிக் கிரகப்பிரவேசம் வைத்த அன்று சிதம்பரத்தில் மாமாவுக்கு ஒரு கவிஞர் சந்திப்பு. அக்கா, "அங்க போனீங்கன்னா இந்த வாசப்படிய மிதிக்காதீங்க" என்று சொல்லியிருக்கிறாள். மாமா போய்விட்டார். மறுநாள் திரும்பி வந்தார். அதற்கப்புறம் அவரும் பேசவில்லை, அவளும் பேசவில்லை. ஒரே வீடு, ஒரே குழம்பு, பேச்சு மட்டும் கிடையாது.

பேச்சுக்குப் பதிலாக நான் இருந்தேன்.

"செல்வி, உங்க மாமாகிட்ட சொல்லுடி. மோட்டரு ஓடிக்கினே இருக்கு, டேங்கு வழியுது."

நான் அக்காவின் அழைப்பைத் துண்டித்துவிட்டு மாமாவைக் கூப்பிடுவேன். "மாமா, மோட்டரை நிறுத்தணுமாம்."

"நான் போடலையேம்மா. போட்டவங்கள நிறுத்தச் சொல்லு."

மறுபடி அக்கா. "அவர் போடலையாம்க்கா."

"அப்ப யாரு, பக்கத்து வூட்டுக்காரனா வந்து போட்டான்?"

அதற்குள் தண்ணீர் தெருவுக்கு வந்திருக்கும். என் ஜன்னலுக்கு வெளியே முழங்கால் அளவு பனி. நான் அடுப்பங்கரையில் நின்றுகொண்டு முதுநகரில் வழிகிற தண்ணீரை நிறுத்தப் பாடுபட்டுக்கொண்டிருப்பேன்.

3

நிலா ஒரு சேர்ந்திசைக் குழுவில் பாடுகிறாள். அதை நடத்துபவர் இங்கிரித். அவரே இசையும் அமைப்பார். தத்துவம் படித்தவர். கவிதை, தத்துவம் இரண்டைத் தவிர வேறு எதற்கும் மெட்டுப் போடுவதில்லை என்று வைத்திருந்தார். ஒருமுறை "நேரம் என்பது என்ன?" என்ற ஒரே கேள்வியை அரைமணி நேரம் பாடவைத்தார். பதில் வரும் என்று நானும் கடைசிவரை உட்கார்ந்திருந்தேன். வரவில்லை.

ஒருநாள் ஒத்திகை இடைவேளையில் நிலாவின் கைப்பேசியில் கை பட்டு மாமாவின் குரல் பதிவு ஓடியிருக்கிறது.

*கூப்பிட்டேன்.*
*உள்ளேயிருந்து*
*யாரும் இல்லை என்று*
*நீயே சொன்னாய்.*

இங்கிரித் காப்பிக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, இது யார், என்ன சொல்கிறார் என்று கேட்டிருக்கிறார். நிலா மொழிபெயர்த்தாள். "யாரும் இல்லை" என்பதை வீட்டில் ஆள் இல்லை என்றும் சொல்லலாம், உலகத்தில் எவருமே இருப்பதில்லை என்றும் சொல்லலாம். நார்வேஜிய மொழியில் இரண்டுக்கும் தனித்தனி வாக்கியம் உண்டு. என் மகள் இரண்டாவதை எடுத்துக்கொண்டாள்.

அன்று மாலை இங்கிரித் என்னைக் கூப்பிட்டார். "அழைத்தவன் யார்? இல்லை என்று சொன்னவர் யார்? இல்லாத ஒருவர் இல்லை என்று எப்படிச் சொல்ல முடியும்?"

எனக்கு என்ன தெரியும்? மாமாவைக் கேட்டேன். யார் கேட்கிறார்கள் என்று முதலில் விசாரித்தார். பிறகு, "அவுங்களுக்கு என்னா புரிஞ்சிதோ அதான் அர்த்தம்னு சொல்லிடும்மா" என்றார். கவிஞர்களின் பந்தா என்று நினைத்துக்கொண்டேன்.

சிதம்பரம் கோயிலில் திரைக்குப் பின்னால் வெறும் வெளி இருப்பதாக இங்கிரித் எங்கோ படித்திருந்தார். இந்தக் கவிஞரின் ஊர் அதற்குப் பக்கம்தான் என்று நான் சொன்னதும் அவருக்குக் கண் கலங்கிவிட்டது. எட்டுக் குரலுக்கான படைப்பு அன்றே தொடங்கிவிட்டது.

அனுமதி வாங்கும் வேலையில் ஒரு கோளாறு. பாடல் உரிமையைக் கவனிக்கும் அலுவலகத்தில் குடும்பப் பெயர் கேட்டார்கள். மாமாவுக்குக் குடும்பப் பெயர் ஏது? முன்னால் "ப" என்று ஒரு எழுத்துதான். அது என்ன என்றார்கள். அவர் அப்பா பெயர், பக்கிரி என்றேன். அதன்பின் எல்லாக் கடிதமும் "அன்புள்ள கவிஞர் பக்கிரி அவர்களுக்கு" என்றே வந்தது. மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை பயிரிட்டு, என் அக்கா கல்யாணத்துக்கு முன்பே காலமாகிவிட்ட மனிதர். கையெழுத்துப் போடத் தெரியாதவர். நார்வேயில் அவர் கவிஞரானார். நான் எழுதிய திருத்தம் ஒவ்வொன்றுக்கும், கவிஞர் பக்கிரியின் மேலான கவனத்துக்கு என்று பதில் வந்தது.

4

உச்சரிப்புச் சொல்லிக்கொடுக்க என்னைக் கூப்பிட்டார்கள். "யாரும்" எளிதாக வந்துவிட்டது. "இல்லை" என்பதற்குப் பெண்கள் இரண்டு நிமிடம் எடுத்துக்கொண்டார்கள். அது மெட்டு அப்படி. சிக்கல் கடைசி வரியில் வந்தது.

இங்கிரித் "நீயே" என்ற சொல்லைப் பெண்களுக்குக் கொடுத்திருந்தார். "சொன்னாய்" ஆண்களுக்கு. அதில் "சொன்" மூச்சுக்காற்று மாதிரி வந்து கரைந்துவிடும். "னாய்" மட்டும் அடிக்குரலில் திரும்பத் திரும்ப வரும். நாலு பெண்கள் கூரையைப் பார்த்து "நீயே" என்று இழுக்க, நாலு ஆண்கள் தரையைப் பார்த்து "னாய்" என்றார்கள்.

நீயே. நாய். நீயே. நாய்.

நான் கையைத் தூக்கினேன். "மன்னிக்கணும். தமிழில் இது வேறு மாதிரி கேட்கும்."

"எப்படி?"

"நாய் என்று. நீதான் நாய் என்று."

நிலா குனிந்து காலணிக் கயிற்றைக் கட்டிக்கொண்டாள். அவள் காலணியில் கயிறு கிடையாது. இங்கிரித் கண்ணை மூடிக்கொண்டு யோசித்தார். "நீயே சொன்னாய் என்பதற்குள் ஒரு நாய் ஒளிந்திருக்கிறதா? எவரும் இல்லாத வெளியில் ஒரு நாய் மட்டும்..." கண்ணைத் திறந்தபோது முகம் பிரகாசமாக இருந்தது. "இதை மாற்றவே கூடாது."

அந்தப் பகுதி முடிந்ததும் ஒரு நீண்ட மௌனம் வைத்தார். எவ்வளவு நேரம் என்று எழுதவில்லை. வெறுமைக்குத் தேவையான நேரம் என்று எழுதியிருந்தார்.

5

முதல் அரங்கேற்றத்துக்கு மாமாவை நார்வேக்கு வரவழைப்பது என்று முடிவானது. விசா வேலைக்குப் புதுச்சேரியில் ஒரு ஏஜெண்டைப் பிடித்தோம். சுற்றுலா என்று போடலாம் என்றார் அவர். மாமா ஒப்பவில்லை. தன் கவிதை பாடப்படுவதைக் கேட்கப் போவதாகத்தான் எழுத வேண்டும் என்றார். ஏஜெண்ட் கவிதையைக் காட்டச் சொன்னார். படித்தார். பின்பக்கம் திருப்பிப் பார்த்தார்.

"சார், தப்பா எடுத்துக்காதீங்க. நாலு வரிக்கெல்லாம் யாரும் விசா குடுக்க மாட்டாங்க. நம்பவே மாட்டாங்க. ஒரு நாப்பது வரியாச்சும் எழுதிக் குடுங்க, நான் பாத்துக்கறேன்."

"கவிதைய நீட்ட முடியாதுங்க."

"அப்ப விசாவும் கஷ்டங்க."

மாமா பாஸ்போர்ட்டை வாங்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

இங்கிரித் இதைக் கேட்டுவிட்டு, கவிஞரால் வர முடியாவிட்டால் கவிதை அவரிடம் போகட்டும் என்றார். கலைக்கான உதவித்தொகை ஒன்று கிடைத்தது. நார்வேயில் கோடை விடுமுறை, நம்மூரில் ஆடி மாதம். எட்டுப் பாடகர்களும் இங்கிரித்தும் நானும் சென்னையில் இறங்கினோம். எட்டுப் பேரில் நிலாவும் ஒருத்தி.

காலையில் அவர்களைப் பிச்சாவரத்தில் படகில் அழைத்துப் போனதில் ஆண்கள் நால்வரும் நண்டு நிறத்துக்கு வந்துவிட்டார்கள். அதே கோலத்தில் மத்தியானம் அக்கா வீட்டில் சாப்பாடு. வஞ்சிர மீன் குழம்பு, இறால் வறுவல். அக்கா பரிமாறினாள். மாமா வரிசையின் கடைசியில் உட்கார்ந்திருந்தார்.

அக்கா நிலாவிடம், "உங்க பெரியப்பாவுக்கு மோரு வேணுமான்னு கேளு" என்றாள். நிலாவுக்கு வாய் நிறைய சோறு, வரிசைக் கடைசிக்குக் கூவ முடியாது. பக்கத்திலிருந்த இங்கிரித்திடம் நார்வேஜிய மொழியில் சொன்னாள். இந்தியாவில் இறங்கியதிலிருந்து எல்லோரிடமும் ஆங்கிலமே பேசிப் பழகிவிட்ட இங்கிரித் அதை ஆங்கிலத்தில் என்னிடம் கேட்டார். நான் தமிழில் மாமாவிடம் கேட்டேன். "வேணாம்னு சொல்லு" என்றார் மாமா. அந்த "வேணாம்" மூன்று மொழி தாண்டி அக்காவிடம் போய்ச் சேர்ந்தபோது அவள் ஏற்கனவே மோரை ஊற்றிவிட்டிருந்தாள்.

"இது இங்கே வழக்கமா?" என்று இங்கிரித் என் காதில் கேட்டார். "மிக அழகாக இருக்கிறது."

"அம்மா, பெரியம்மா ஏன் பெரியப்பாட்ட டைரக்ட்டா சொல்லல?" என்று நிலா கேட்டாள். அவள் தமிழில் முழுசாக ஒரு கேள்வி கேட்டு எவ்வளவோ நாளாகியிருந்தது. அவளுக்கு இன்னும் இரண்டு இறால் வைத்தேன்.

6

சிதம்பரத்தில் ஒரு கல்யாண மண்டபம் கிடைத்தது. "ஆடி மாசம் சும்மாதான் கெடக்கு, பாடிட்டுப் போங்க" என்றார் மண்டபத்துக்காரர். மேடையில் மாப்பிள்ளை, பெண் உட்காரும் சிவப்பு வெல்வெட் சிம்மாசனம் இரண்டையும் நகர்த்தச் சம்மதிக்கவில்லை. கால் உடைந்துவிடுமாம். எட்டுப் பேரும் அதற்கு முன்னால் நின்றார்கள்.

மைக்செட் ரவி அதிகாலையிலேயே வந்து ஒயர் இழுத்திருந்தார். மைக்கே வேண்டாம் என்று இங்கிரித் சொன்னதை நான் சொன்னதும் அவர் முகம் தொங்கிப்போனது. "மைக்கு இல்லாம எதுக்குக்கா மேடை? எக்கோ ஜாஸ்தி வெச்சித் தர்றேன், கேட்டுப் பாருங்க." வேண்டாம் என்றால் கேட்கிறவர் இல்லை. வைத்துவிட்டார்.

மாமாவின் கவிஞர் நண்பர்கள் முன்வரிசையில் வந்து உட்கார்ந்தார்கள். சொந்தக்காரர்கள் வந்தார்கள். மண்டபத்தில் விளக்கு எரிவதைப் பார்த்து யார் வீட்டு விசேஷம் என்று கேட்டபடி கொஞ்சம் பேர் வந்து உட்கார்ந்தார்கள். மாமா ஆண்கள் பக்கம், வெள்ளைச் சட்டை, ஒவ்வொரு விரலையும் நெட்டி முறித்தபடி. அக்கா பெண்கள் பக்கம். அவள் கவிதைக்காக வரவில்லை, நிலா பாடுவதைக் கேட்க வந்தாள். அதையும் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டே வந்தாள்.

பாட்டு தொடங்கியது. "கூப்பிட்டேன்" என்று ஒரு குரல், அப்புறம் இரண்டு, அப்புறம் எட்டு. என்னை மறந்து கேட்டேன் என்பது உண்மை. வீட்டில் ஒரு டம்ளர் தண்ணீரைக்கூடத் தமிழில் கேட்காத பெண், அங்கே நின்று ஒவ்வொரு எழுத்தாகத் தமிழைத் தொட்டுத் தொட்டுப் பாடிக்கொண்டிருந்தாள். "யாரும் இல்லை" வந்தபோது பின்னால் ஒருவர், "அப்ப சாப்பாடு இல்லியா?" என்று பக்கத்து ஆளைக் கேட்டது காதில் விழுந்தது.

பிறகு கடைசி வரி. பெண்கள் "நீயே" என்றார்கள். ஆண்கள் "நாய்" என்றார்கள். ரவியின் எக்கோ அதை எடுத்து, நாய், நாய், நாய் என்று மண்டபத்தின் நாலு மூலைக்கும் கொண்டுபோய்ப் போட்டது. குழந்தைகள்தான் முதலில் சிரித்தார்கள். அப்புறம் பெரியவர்கள். மாமா தலையைக் குனிந்துகொண்டார்.

இங்கிரித் கையை உயர்த்தினார். மௌனம்.

மின்விசிறி மட்டும் சுற்றும் சத்தம். அந்த மௌனத்தில் அக்கா எழுந்து நின்றாள்.

"நான் நாயா?"

எல்லோரும் பெண்கள் பக்கம் திரும்பினார்கள்.

"ஏங்க, உங்களத்தான் கேக்கறேன். நான் நாயா?"

ஒரு வருஷத்துக்கு மேல் கழித்து அவள் அவரிடம் நேராகப் பேசிய முதல் பேச்சு இதுதான். மாமா எழுந்தார். "நான் அப்டி எழுதல விஜயா. சொன்னாய்னு எழுதுனேன். சொன்-னாய். அவுங்க பிச்சிப்புட்டாங்க."

கல்யாணத்தில் யார் எழுந்து பேசினாலும் மைக்கைக் கொடுத்துப் பழகிய ரவி, ஓடிவந்து அக்கா கையில் கார்ட்லெஸ் மைக்கைத் திணித்துவிட்டுப் போனார். அதற்குமேல் எல்லாமே எக்கோவில்.

"ஊரையே கூட்டி வெச்சி, நார்வேலேர்ந்து ஆள வரவழைச்சி, நீயே நாய்னு பாட வெக்கிறீங்க! நான் என்னா பண்ணேன் உங்கள?"

"நீதான சொன்ன."

"என்னா சொன்னேன்?"

"யாரும் இல்லன்னு." மாமாவுக்கு மைக் இல்லை. ஆனாலும் கேட்டது. "கிரகப்பிரவேசத்துக்கு மறுநாளு, இங்கேர்ந்து வந்து வாசல்ல நின்னு கூப்ட்டேன். நீ கதவத் தெறக்கல. உள்ளேர்ந்து நீயே சொன்ன, யாரும் இல்லன்னு. வாசப்படிய மிதிக்காதன்னு சொன்னவதானன்னு நானும் போய் டீக்கடையில உக்காந்துட்டேன். கதவு தெறந்தப்புறம்தான் வந்தேன்."

"எப்டிக் கூப்ட்டீங்க?"

"யம்மான்னு. ரெண்டு நாளு கவித படிச்சதுல தொண்ட கட்டிக்கிச்சி. கொரலே வரல."

அக்கா மைக்கை இன்னொரு கைக்கு மாற்றினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள். "யம்மா, யம்மான்னு கரகரன்னு... அது நீங்களா?"

"பின்ன யாரு?"

"ஐயோ! நான் வாட்டர் பில்டர் விக்கிறவன்னுல்ல நெனச்சேன்! அந்த வாரம் பூரா வந்து தொந்தரவு பண்ணிக்கினு இருந்தான். அதான் யாரும் இல்ல, போப்பான்னேன்!"

போப்பா, போப்பா, போப்பா என்றது எக்கோ.

"நீ போப்பான்னு சொன்னது எனக்குக் கேக்கவே இல்ல" என்றார் மாமா.

"அதுக்காவ ஒரு வருசம் பேசாம இருப்பீங்களா?"

"நீயும்தான பேசல."

"நீங்க பேசலன்னுதான் நான் பேசல!"

கவிஞர் நண்பர் ஒருவர் எழுந்து, "அம்மா, அடுத்த வரி வரட்டும், உக்காருங்க" என்றார். இங்கிரித் உயர்த்திய கையை இறக்கவே இல்லை. இவ்வளவு நிறைந்த மௌனத்தை வாழ்க்கையில் நடத்தியதில்லை என்று பிற்பாடு என்னிடம் சொன்னார். மேடையில் நிலாவைப் பார்த்தேன். எட்டுப் பேரில் அவளுக்கு மட்டும்தான் நடந்தது அத்தனையும் புரிந்தது. ஒரு கையால் வாயைப் பொத்திக்கொண்டு, சிரிக்கிறாளா அழுகிறாளா என்று தெரியாதபடி நின்றாள்.

அக்கா நடைபாதையைக் கடந்து ஆண்கள் பக்கம் போனாள். மாமாவுக்குப் பக்கத்து நாற்காலியில் இருந்தவரை ஒரு பார்வை பார்த்தாள். அவர் எழுந்துகொண்டார்.

"உக்காருங்க. புள்ள பாடுது" என்றாள் மாமாவிடம்.

இங்கிரித்தின் கை இறங்கியது. நிலா தனியாக, மெல்லிய குரலில், "கூப்பிட்டேன்" என்று தொடங்கினாள்.

7

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை நான் கூப்பிட்டால் இரண்டு பேரும் ஒரே நேரத்தில் பேசுகிறார்கள், அதுவும் என்னிடம் இல்லை. "இருடி, இவுங்க கூட ஒரு பஞ்சாயத்து, அப்பறம் பேசறேன்" என்று அக்கா வைத்துவிடுகிறாள். கைப்பேசியைப் பார்த்தபடி கொஞ்ச நேரம் உட்கார்ந்திருப்பேன். வருத்தம் என்று சொல்ல மாட்டேன். ஒரு வேலை போன மாதிரி இருக்கிறது.

அன்று பாட்டு முடிந்து மண்டபத்துச் சாப்பாட்டுக் கூடத்திலேயே எல்லோருக்கும் இட்லி, குருமா. யார் வீட்டு விசேஷம் என்று தெரியாமல் வந்து உட்கார்ந்தவர்களும் சாப்பிட்டார்கள். நிகழ்ச்சித் தாளை அக்கா எழுத்துக் கூட்டிப் படித்தாள்.

"கவிதை, பக்கிரி. ஏங்க, எங்க மாமனாரு எப்பங்க கவித எழுதுனாரு?"

"அது தனிக் கத."

"இதுல யாரும் இல்லன்னு சொன்னது யாரு? நான். பாதி என் வார்த்த. என் பேரையும் போடச் சொல்லு செல்வி."

நான் இங்கிரித்திடம் சொன்னேன். அவர் உடனே பேனாவை எடுத்து எழுதிக்கொண்டார். அப்புறம் தயங்கி, ஒரு விஷயம் கேட்க வேண்டும் என்றார். அந்த ஆண் குரல் பகுதி இவர்களைப் புண்படுத்தியிருந்தால் மாற்றிவிடலாம். "சொன்னாய்" என்பதை முழுச் சொல்லாகவே பாடச் சொல்லலாம். நிலா அதைத் தமிழில் சொல்ல முயன்று, "பெரியப்பா, நாய எடுத்துடலாமா?" என்று முடித்தாள்.

"எடுத்துடுங்க, எடுத்துடுங்க" என்றார் மாமா. "கவிதையோட மானமே போவுது."

"வேணாம், இருக்கட்டும்" என்றாள் அக்கா, அவர் இலையில் குருமாவை ஊற்றிக்கொண்டே. "இத்தன வருசமா இவுங்க எழுதுனதுல எனக்குப் புரிஞ்சது அந்த ஒரு வார்த்ததான்."